ரோசிக்கு ஒரு நோட்டு, மணிக்கு ஒரு நோட்டு: வீட்டு நாய்களின் நினைவை எழுதி வைப்பது எப்படி

2015ஆம் ஆண்டு பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கோத்தகிரியில் தை மாதக் குளிர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். என் மகளிடம் பழைய கதை ஒன்றைச் சொன்னேன். "நம் மணி இருந்தானே, மழையானாலும் பனியானாலும் என்னுடன் பள்ளிக்கூட வாசல் வரை வருவான். நான் உள்ளே போன பிறகுதான் திரும்புவான்."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "அது மணி இல்லை அம்மா. ரோசி."

மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பள்ளிப் படிப்பை முடித்தது 1991இல். மணி பிறந்தது 1999இல். பள்ளி முடிந்து எட்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்த நாயை என் பள்ளிக்கூட வாசலில் உட்கார வைத்திருந்தேன். நான்கு ஆண்டுகள், தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் 3 கிலோமீட்டர், கால் விரல்களுக்கிடையே அட்டை கடிக்கக் கடிக்க என்னுடன் நடந்தவள் ரோசி. அவளுடைய நடையை நான் இன்னொருவன் பெயரில் எழுதிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் 26 ஆண்டுகள் பேரேடு எழுதியவள் நான். பெண்கள் சாக்கைக் கொண்டுவந்து தராசில் மாட்டுவார்கள். முள் நின்றதும் எண்ணை உரக்கச் சொல்லி, அவர்கள் கண் முன்னால் எழுத வேண்டும். 23.5 கிலோவை 24 என்றும் எழுதக் கூடாது, 23 என்றும் எழுதக் கூடாது. மாலையில் ஞாபகத்திலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் ஒருத்தியின் உழைப்பு இன்னொருத்தியின் பெயரில் ஏறிவிடும். ரோசிக்கு நான் செய்தது அதுதான். அந்தப் பொங்கல் முடிந்து கடை திறந்ததும் நீள நோட்டு நான்கு வாங்கினேன். அதிலிருந்து இன்று வரை கற்றுக்கொண்டவற்றை இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பெயர் மாறிப் போன ஒரு நாய் இருக்கும்.

முதலில் ஆண்டுகளைப் பிரியுங்கள்

ஒரு நாய்க்கு ஒரு நோட்டு. எல்லா நாய்களையும் ஒரே நோட்டில் எழுதினால் அவை மறுபடியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். முதல் பக்கத்தில் பெயர், வந்த ஆண்டு, போன ஆண்டு, யார் கொண்டுவந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

ஆண்டு ஞாபகம் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆண்டைக் கேட்காதீர்கள். ஊர் மறக்காத ஒன்றைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். 1993 நவம்பரில் மரப்பாலம் பக்கம் மலை சரிந்து, குன்னூர் மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டது. அந்த வாரம் ரோசி அடுப்படியில் விறகுக் கட்டைகளுக்கிடையே ஐந்து குட்டிகள் போட்டாள் என்பது அம்மாவுக்கு உடனே வந்துவிட்டது. கொழுந்து விலை சரிந்து எல்லார் வீட்டிலும் கை வறண்ட காலத்தில்தான் மணி குட்டியாக வந்தான். ஊட்டிக்கு மலை ரயில் வந்து நூறு ஆண்டு என்று 2008இல் கொண்டாடினார்கள். அப்போது மணிக்கு ஒன்பது வயது, முகவாயில் நரை தொடங்கியிருந்தது. உங்கள் வீட்டில் திருமணம், பிரசவம், வீடு மாறியது, மாடு விற்றது என்று எத்தனையோ இருக்கும். அவற்றை ஒரு கோட்டில் வரிசையாகக் குறித்துவிட்டு, ஒவ்வொன்றின்போதும் வாசலில் எந்த நாய் இருந்தது என்று கேட்டால் போதும். என் அம்மா இப்படி ஒரே பிற்பகலில் முப்பது ஆண்டுகளைச் சொல்லி முடித்தார்.

எங்கள் கோடு இப்படி வந்தது. கறுப்பன், இலங்கையில், 1971 வரை. டைகர், 1980 முதல் 1986. ரோசி, 1987 முதல் 1999. மணி, 1999 முதல் 2012. ஜிம்மி, 2013 முதல். நோட்டு நான்குதான் வாங்கியிருந்தேன். அப்பா கறுப்பனைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு ஐந்தாவது நோட்டு வாங்க வேண்டியிருந்தது.

குணத்தைக் கேட்காதீர்கள், காரியத்தைக் கேளுங்கள்

தொடக்கத்தில் நான் செய்த தவறு இது. "டைகர் எப்படிப்பட்ட நாய்?" என்று கேட்டேன். "நல்ல நாய்" என்றார் அப்பா. "ரோசி?" "அதுவும் நல்ல நாய்தான்." அத்துடன் பேச்சு நின்றுவிட்டது. "பாசமான நாய்", "நன்றியுள்ள நாய்", "புத்திசாலி" என்று எழுதிய பக்கங்களை வாரம் கழித்து வாசித்தேன். எந்தப் பக்கம் எந்த நாயுடையது என்று எனக்கே தெரியவில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே பல்லவர் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் வெட்டியிருக்கிறார்கள். பெயர், செய்த காரியம், அவ்வளவுதான். நல்ல நாய், வீர நாய் என்று ஒரு சொல்லும் கிடையாது. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் அந்த நாய் நம் முன்னால் நிற்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து நோட்டில் குணச் சொற்களை எழுதுவதை நிறுத்தினேன்.

அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கிறேன். எங்கே படுக்கும்? யார் கையால் சாப்பிடும்? யாரைக் கண்டால் ஒதுங்கும்? எதைத் திருடியது? இடி இடித்தால் எங்கே போகும்? யார் ஊரிலிருந்து வந்தால் முதலில் ஓடும்? கதவு சாத்தியிருந்தால் என்ன செய்யும்? இந்தக் கேள்விகளுக்கு யாரும் "நல்ல நாய்" என்று பதில் சொல்ல முடியாது.

ரோசியின் நோட்டு அப்படித்தான் நிரம்பியது. காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும்போது அவளும் கழுத்தை உயர்த்தி ஊளையிடுவாள். சங்கு நின்ற பிறகும் ஒரு மூச்சு நேரம் அவள் குரல் மட்டும் தனியாக மலையில் ஓடும். கொழுந்து எடுக்கும் பெண்களின் வரிசைக்குப் பின்னால் நடப்பாள். அம்மா எந்த மலையில் வேலை செய்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். கீழ் லைனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், காயப்போட்ட கருவாட்டை மூன்று முறை திருடினாள். ஒருமுறை கங்காணியின் வேட்டியைக் கிழித்தாள். அதற்கு அப்பா புது வேட்டி வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. குட்டி போட்ட இரண்டு வாரங்களுக்கு என்னையும் கிட்டே விட மாட்டாள்.

குறைகளைக் கண்டிப்பாக எழுதுங்கள். கருவாடும் வேட்டியும் இல்லாத ரோசி என் ரோசி இல்லை. இறந்தவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்ற மரியாதையை நாம் நாய்களுக்கும் கொடுத்துவிடுகிறோம். அதனால்தான் எல்லா நாய்களும் நினைவில் ஒரே நாயாகிவிடுகின்றன.

இன்னொன்று, வீட்டில் ஒவ்வொருவரும் அதை எப்படி அழைத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரோசி எனக்கு ரோசி, அம்மாவுக்கு ரோசும்மா, அப்பாவின் அம்மாவான அப்பாயிக்குக் கருவாட்டுக் கள்ளி. என் அப்பா எல்லா நாயையும் "அது" என்றுதான் சொல்வார். டைகரை மட்டும் "அவன்" என்பார். இது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான், எழுதத் தொடங்கிய பிறகுதான், காதில் விழுந்தது.

ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். எல்லாரும் கூடியிருக்கும்போது ஒருவர் சொன்ன கதையை மற்றவர் ஒத்துக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணனுக்குத் தெரிந்த மணி வேறு, எனக்குத் தெரிந்த மணி வேறு. அண்ணன் லீவுக்கு வரும்போது பார்த்த மணி குதித்து விளையாடுபவன். நான் தினமும் பார்த்த மணி வாசலைவிட்டு அசையாதவன். இரண்டையும் எழுதினேன், யார் சொன்னது என்று பக்கத்தில் பெயரும் போட்டேன். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

2009 நவம்பர் பெருமழையை நீலகிரியில் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் லைனுக்கு மேலே மண் இறங்கும் போலிருந்தது. இரவோடு இரவாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மணி வரவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தும், தூக்கிப் பார்த்தும் ஆகவில்லை. படியில் நகங்களை ஊன்றி நின்றான். இரண்டு நாள் ஆளில்லாத வீட்டின் வாசற்படியில் நனைந்துகொண்டே கிடந்தான். என் கணவர்தான் சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ரோசியாக இருந்தால் எங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாள். அவள் ஆட்களின் நாய். மணி வீட்டின் நாய். ஒரு நாயை இன்னொரு நாயின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும்போதுதான் இப்படிப்பட்ட வேறுபாடு தெரியும். ஒரு நோட்டை முடித்ததும் மற்ற நோட்டைத் திறந்து, அதே கேள்விக்கு அந்த நாயின் பதில் என்ன என்று பாருங்கள்.

சொல்ல முடியாதது வரும்போது

டைகரைப் பற்றி எங்களுக்குச் சிறு வயதில் சொல்லப்பட்டது, அது காட்டுக்குள் போய்விட்டது என்பதுதான். எனக்கு அப்போது 13 வயது. பல மாதங்கள் சோலைப் பக்கம் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்.

2016இல் ஒரு மாலை அப்பாவிடம் நோட்டுடன் உட்கார்ந்தேன். வழக்கமான முதல் கேள்விதான். டைகர் எங்கே படுக்கும்?

"வாசலில், சாக்கின் மேல். கட்ட மாட்டோம். சத்தம் கேட்டால் உள்ளே வந்துவிடுவான்." பிறகு நீண்ட நேரம் பேசவில்லை. "அன்று மட்டும் கட்டியிருந்தேன்."

அந்த வாரம் டைகர் பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்துவிட்டான். சண்டை வந்தது. அதனால் அப்பா கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார். இரவு சிறுத்தை வந்தது. இந்த மலையில் சிறுத்தை குடியிருப்புக்குள் வருவது பெரும்பாலும் நாய்க்காகத்தான். ஒரு குரல்கூடக் கேட்கவில்லை என்றார் அப்பா. காலையில் சங்கிலி கிடந்தது. நாங்கள் எழுவதற்கு முன் மண்ணை அள்ளிப் போட்டு வாசலைக் கழுவிவிட்டார். அம்மாவுக்கு மட்டும் தெரியும். 30 ஆண்டுகள் இருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் எழுதிக்கொண்டே கேட்கக் கூடாது. ஆறுதலும் உடனே சொல்லாதீர்கள். "உங்கள் தவறு இல்லை அப்பா" என்று நான் அவசரப்பட்டுச் சொல்லியிருந்தால் அவர் அத்துடன் நிறுத்தியிருப்பார். சும்மா பக்கத்தில் இருந்தேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கொள். நான் கட்டியதையும் எழுது" என்றார். அவருடைய சொற்களில்தான் எழுதியிருக்கிறேன். அனுமதி இல்லாமல் ஒருவருடைய குற்ற உணர்வை நோட்டில் ஏற்றாதீர்கள். அனுமதி கிடைத்தால் அதை மழுப்பாதீர்கள்.

2019இல் அப்பா காலமானார். டைகரின் நோட்டில் கடைசிப் பக்கம் அவர் பேச்சாகவே இருக்கிறது.

நீங்கள் பார்க்காத நாய்க்கும் ஒரு பக்கம் வேண்டும்

கறுப்பனை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே எங்கள் குடும்பம் அவனை விட்டுவிட்டு வந்துவிட்டது. 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் எங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தவை. ஹட்டன் பக்கத்து லயத்திலிருந்து (அங்கே தோட்ட வரிசை வீடுகளுக்கு அந்தப் பெயர்) லாரி, பிறகு தலைமன்னாருக்கு ரயில், ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அண்ணன் அம்மா மடியில் கைக்குழந்தை. பெட்டிகளுக்குக் கணக்கு உண்டு, பாத்திரங்களுக்குக் கணக்கு உண்டு. நாயை ஏற்ற வழியில்லை.

கறுப்பனை அடுத்த லயத்துக்காரரிடம் ஒப்படைத்தார்கள். லாரி கிளம்பியதும் அவன் கயிற்றை உருவிக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். மூன்று வளைவு வரை அப்பாவுக்குத் தெரிந்தது. நான்காவது வளைவில் தெரியவில்லை. அப்பாயி அதன் பிறகு எந்த நாய்க்கும் தன் கையால் சோறு வைத்ததில்லை என்று அம்மா சொன்னார். ரோசியை அவர் கருவாட்டுக் கள்ளி என்று திட்டிக்கொண்டே இருந்ததை இப்போது வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறேன்.

கறுப்பனின் நோட்டில் 11 வரிகள்தான் இருக்கின்றன. மீதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அப்படியே விட்டிருக்கிறேன். தெரியாததைக் கற்பனையால் நிரப்ப வேண்டும் என்ற ஆசை வரும். நிரப்பாதீர்கள். என்றைக்காவது ஒரு சித்தப்பாவோ அத்தையோ பன்னிரண்டாவது வரியைச் சொல்லக்கூடும்.

குரல்

நாயின் குரைப்பு எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் நாய் வளர்க்காதவர்கள். மணிக்குக் காட்டெருமை வந்தால் கனத்த குரைப்பு, இடைவெளி விட்டு விட்டு. கரடி என்றால் மூச்சுவிடாமல் குரைத்துக்கொண்டே பின்னால் நகர்வான். தபால்காரருக்கு இரண்டே குரல், பிறகு வால். ஆனால் சிறுத்தை பக்கத்தில் இருக்கும் இரவில் அவன் வாயே திறக்க மாட்டான். கட்டிலுக்கடியில் நுழைந்து சுவரோடு ஒட்டிக்கொள்வான், உடம்பு நடுங்குவது கட்டில் வழியாக எங்களுக்குத் தெரியும். அப்பா டைகரைப் பற்றிச் சொன்ன பிறகு இதை நினைத்துப் பார்த்தேன்; அவன் குரல் ஏன் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

நம் மொழியில் இதற்கெல்லாம் சொற்கள் இருக்கின்றன. குரைத்தான் என்று மட்டும் எழுதாமல் உறுமினான், முனகினான், ஊளையிட்டான், சிணுங்கினான் என்று பிரித்து எழுதுங்கள். எதைக் கண்டு, எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது கைப்பேசி இருக்கிறது. வாழும் நாயின் குரலைப் பதிவு செய்யுங்கள். மூச்சுச் சத்தம், தண்ணீர் குடிக்கும் சத்தம், சிமெண்ட் தரையில் நகம் தட்டும் சத்தம் எல்லாவற்றையும். மணியின் குரல் என்னிடம் எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது.

படங்களும் காகிதங்களும்

டைகருக்கு ஒரே ஒரு புகைப்படம். 1983 மாரியம்மன் திருவிழாவில் எடுத்த குடும்பப் படத்தின் ஓரத்தில் அவனுடைய வாலும் ஒரு பின்னங்காலும் இருக்கின்றன. பல ஆண்டுகள் அது டைகர் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் பழைய படங்களின் ஓரங்களைப் பாருங்கள். திருமணப் படத்தில் மேசைக்கடியில், பிறந்தநாள் படத்தில் கதவு இடுக்கில் ஒரு நாய் இருக்கும்.

மலையில் படங்களுக்கு எதிரி ஈரம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பசை பூசிய பக்கங்களில் ஒட்டும் ஆல்பம் வேண்டாம். படம் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கிழியும். தனித்தனிக் காகித உறையில் போட்டு, பீரோவின் நடுத்தட்டில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். பொட்டலங்களை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மாற்றுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் ஈரத்துணி போடாதீர்கள். உலர்ந்த நாளில் மென்மையான தூரிகையால் லேசாகத் தட்டுங்கள். படத்தின் பின்பக்கத்தில் ஓரமாக, மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மை பரவும். யார், எந்த நாய், எந்த இடம், எந்த ஆண்டு. கைப்பேசியில் ஒரு நகல் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும். அந்த நகலை அண்ணனுக்கும் மகளுக்கும் அனுப்பிவிட்டேன். ஒரே இடத்தில் இருப்பது என்றாவது போய்விடும்.

தடுப்பூசி அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். தேதி, நிறம், வயது எல்லாம் மருத்துவர் கையால் எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் மணியின் வயதில் வந்த சண்டையைத் தீர்த்தது அந்த அட்டைதான். இந்த மலையில் வெறிநாய்க்கடி மருந்துக்கு நீண்ட வரலாறு உண்டு. குன்னூர் பாஸ்டியர் நிறுவனம் 1907இல் தொடங்கியது. சிறு வயதில் ஒரு தெருநாய் என்னைக் கடித்தபோது தொப்புளைச் சுற்றி 14 ஊசிகள் போட்டார்கள். டைகர் அந்த நாட்களில் என் பக்கத்தில் வந்து, வயிற்றின் மேல் கால் வைக்காமல் தோளை ஒட்டிப் படுப்பான். ஊசியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் இது ஞாபகம் வந்தது. காகிதங்களைக் கையில் எடுத்தால் இப்படி ஒன்று கூடவே வரும்.

புதைத்த இடம்

ஆழமாகத் தோண்டுங்கள், இடுப்பளவாவது. மேலே கற்களை அடுக்குங்கள். இல்லாவிட்டால் காட்டுப்பன்றி கிளறிவிடும். இடத்தை அளந்து எழுதுங்கள். "பெரிய மரத்தடியில்" என்று எழுதினால் மரத்தை வெட்டிய பிறகு இடம் போய்விடும். ரோசி இருப்பது பழைய தண்ணீர்த் தொட்டியின் வடகிழக்கு மூலையிலிருந்து 19 அடி, மேல் பாதையின் படிக்கட்டிலிருந்து 11 அடி. இரண்டு அளவுகள் இருந்தால் மரம் போனாலும் இடம் கிடைக்கும். அந்த மலையில் கவாத்து நடந்தபோது அங்கே நின்று பார்த்தேன். செடிகளை வெட்டிய பிறகு கற்கள் தெரிந்தன.

இப்போது வீட்டில் இருக்கும் நாய்க்கு

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இறந்த நாய்களை எழுதத் தொடங்கியபோதுதான், வாசலில் படுத்திருந்த ஜிம்மியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை என்பது உறைத்தது.

ஆண்டுக்கு ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த நாள் தெரியாவிட்டால் வீட்டுக்கு வந்த நாள். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் ஒரு படம், எங்களுக்கு வாசற்படி. எடை பாருங்கள். தராசில் நாய் தனியாக நிற்காது; அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் நின்று பாருங்கள், பிறகு நீங்கள் மட்டும் நின்று பாருங்கள், கழித்தால் நாயின் எடை. ஜிம்மி 2015இல் 17 கிலோ. அந்த ஆண்டு எதன் மேல் ஏற முடிந்தது, எதை விட்டுவிட்டது, புதிதாக என்ன பயம் வந்தது என்பதையும் எழுதுங்கள். நாயின் ஓர் ஆண்டு நமக்கு ஏழு ஆண்டு என்று பெருக்குவது சரியாக வராது. முதல் இரண்டு ஆண்டுகளிலேயே அது முழு வளர்ச்சி அடைந்துவிடுகிறது; பிறகு நிதானமாக மாறுகிறது. அதனால் முதல் ஆண்டில் மாதம் ஒரு முறையும், முதுமையில் வாரம் ஒரு முறையும், நடுவில் ஆண்டுக்கு ஒரு முறையும் எழுதுகிறேன்.

வயதான நாயின் கண்ணில் நீலமாய் ஒரு மங்கல் படரும். அதைக் கண்டதும் குருடாகிவிட்டது என்று நான் பதறினேன். வில்லை முதிர்வதால் வரும் மங்கல் அது, பார்வை பெரும்பாலும் இருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். வெள்ளையாகப் படர்ந்தால்தான் கண்புரை. உங்கள் நாயையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். காது மந்தமான நாயைப் பின்னாலிருந்து தொடாதீர்கள். முன்னால் வந்து, கையைக் காட்டிவிட்டுத் தொடுங்கள்.

ஜிம்மியின் நோட்டில் இந்த வாரத்துப் பக்கம் இது:

"காலையில் சங்கு ஊதியது. ஜிம்மி தலையைத் தூக்கவில்லை. நான் அடுப்பிலிருந்து எழுந்ததைப் பார்த்து அவனும் எழுந்தான். வாசற்படியில் முன்னங்கால்களை வைத்தான், சிறிது நேரம் நின்றான், பிறகு இறங்கினான். கொய்யா மரம் வரை போனான். நேற்று தண்ணீர்த் தொட்டி வரை போனான். திரும்பி வந்து என் காலின் மேல் முகவாயை வைத்துப் படுத்தான், இடது கால். எடை 14.2."